முத்திரைக்கு எதிர்ச் சுவர்: ஒன்பது போன்சாய் தொட்டிகள் விரிசல் விட்டது பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் தொடக்கத்தில் பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் பன்னிரண்டு போன்சாய் தொட்டிகள் கேட்டார். எல்லாம் ஒரே அளவு, நீள்சதுரம், பழுப்பு நிறம். மொட்டைமாடியில் ஆல், கல்லிச்சி, புளி, கொடுக்காப்புளி என்று பல ஆண்டுகளாகக் குறுமரம் வளர்ப்பவர் அவர். சிமென்ட் தொட்டியிலும் பிளாஸ்டிக் தட்டிலும் நின்ற மரங்களை அவற்றின் வயதுக்கு ஏற்ற இடத்தில் குடியமர்த்த ஆசைப்பட்டார். ஒரு மாதத்தில் தருவதாகச் சொன்னேன். சூளையிலிருந்து பழுதில்லாமல் வந்தவை மூன்று. மற்ற ஒன்பதும் விரிசல் விட்டுவிட்டன. காரணத்தைக் கண்டுபிடித்துப் பன்னிரண்டையும் அவரிடம் ஒப்படைக்க அடுத்த ஆண்டு பங்குனி வரை ஆனது.

கையால் தொட்டி செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நெல்லைச் சீமையில் தட்டையான தொட்டி செய்ய முனைகிற எவரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள் என்று நம்புகிறேன்.

தொட்டியின் கணக்கு

போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லில் முதல் பாதி தட்டுத் தொட்டியைக் குறிக்கிறது, மறுபாதி நட்டதைக் குறிக்கிறது. சொல்லிலேயே பாதி தொட்டிதான். ஜப்பானின் தொகோனாமே ஊர்க் குயவர்கள் இந்தத் தொட்டிகளுக்காக உலகம் முழுவதும் அறியப்பட்டவர்கள். அளவுக்குப் போன்சாய் வளர்ப்பில் ஒரு பொதுவிதி உண்டு: மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தொட்டியின் நீளம், அடிமரத்தின் தடிமன் தொட்டியின் ஆழம். ஆசிரியரின் கல்லிச்சி 45 செ.மீ. உயரம், அடிமரம் 5 செ.மீ. அப்படியானால் தொட்டி 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. ஆழம். ஆழத்தை நான் 6.5 செ.மீ. ஆக்கினேன். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் இருக்கும் தொட்டிக்கு அந்த ஒன்றரை செ.மீ. மண் கூடுதலாக வேண்டும். அழகு கொஞ்சம் குறைந்தாலும் வேர் வேகக் கூடாது.

உட்புறத்தில் கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு) பூசக் கூடாது. அடித்தளம் மேடுபள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். எங்காவது தண்ணீர் தேங்கினால் அங்கே வேர் அழுகும். வடிகால் துளை 22 மி.மீ. அளவில் இரண்டு, மரத்தைக் கம்பியால் கட்டிவைக்க 5 மி.மீ. அளவில் நான்கு, கீழே காற்று ஓட நான்கு கால்கள். குடம் செய்கிறவருக்கு இது எளிய வேலையாகத் தோன்றும். வட்டத்திலிருந்து சதுரத்துக்கு வந்தவுடன் மண்ணின் குணமே மாறிவிடுகிறது என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

மண் தேர்வு

என் வேலைக்கூடம் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில். அடுத்த ரயில் நிறுத்தம் காருகுறிச்சி. நாதஸ்வரத்துக்குப் பெயர்பெற்ற அந்த ஊர் மண்பாண்டத்துக்கும் பெயர்பெற்றது. அங்கே எழுபது வயதைத் தாண்டிய குயவர் ஒருவர் எனக்குப் பழக்கம். நான் அவரை அண்ணாச்சி என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார். முதலில் அவரிடமிருந்து குளத்து மண்ணை வாங்கி ஒரு சோதனைத் துண்டு செய்து, என் மின்சூளையில் 1220 டிகிரிக்கு ஏற்றிப் பார்த்தேன். துண்டு வெல்லப்பாகு போல உருகிப் பலகையில் படர்ந்து கிடந்தது. இரும்புச் சத்து மிகுந்த அந்த மண் 700 முதல் 900 டிகிரி வரை சுடுவதற்கு உரியது. அந்தச் சூட்டில் அதைப் போலச் சொன்னபடி கேட்கும் மண் வேறு இல்லை. மேலே ஏற்றினால் அது நம்மோடு வராது.

சரி, அதே மண்ணில் குறைந்த சூட்டில் சுட்டுக் கொடுத்தால் என்ன? இரண்டு துண்டுகளை எடையிட்டு, கொதிநீரில் போட்டு, ஒரு நாள் ஊறவைத்து மறுபடி எடையிட்டேன். குளத்து மண் துண்டு 412 கிராமிலிருந்து 470 ஆனது. நூற்றுக்குப் பதினான்கு பங்கு நீர் குடித்திருக்கிறது. 1220 டிகிரியில் சுட்ட ஸ்டோன்வேர் (உயர்ந்த சூட்டில் கல் போல இறுகும் மண்) துண்டு 405 கிராமிலிருந்து 412 தான், இரண்டு பங்குக்கும் கீழே. ஆசிரியர் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதிலிருக்கும் உப்பு மண்சட்டியின் நுண்துளைகளில் புகுந்து, வெயிலில் காய்ந்து படிகமாகி, நாளடைவில் சுவரைச் செதில் செதிலாக உரித்துவிடும். நீளமான, மெல்லிய, தட்டையான தொட்டி அந்த உரிசலைத் தாங்காது. அதனால் வெள்ளைக் களிமண், சீனக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கற்பொடிகள் கலந்த ஸ்டோன்வேர் மண்ணைத் தருவித்தேன்.

மண் எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டியே அளந்தாக வேண்டும். பச்சை மண் பட்டையில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறினேன். காய்ந்தபின் அது 94, 1220 டிகிரிக்கு ஏற்றும் இரண்டாம் சூட்டுக்குப் பின் 88. ஆகவே 300 மி.மீ. தொட்டி வேண்டுமானால் பச்சையில் 341 மி.மீ. வெட்ட வேண்டும். இந்த 41 மி.மீ. எங்கே, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் முதலில் குறைகிறது என்பதில்தான் முழு வழக்கும் அடங்கியிருந்தது.

நடந்தது

ஆனி மாதக் கடைசியில் வேலை. மண்ணை 10 மி.மீ. தடிமனில் தட்டாக உருட்டி, ஒரு அடித்தளமும் நான்கு சுவர்களும் வெட்டி, விளிம்புகளைக் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டினேன். பின்சுவரின் கீழ்மூலையில் என் முத்திரை. பிறகு பன்னிரண்டையும் மரப்பலகைகளோடு தூக்கித் தாழ்வாரத்து அலமாரியில் வைத்தேன். நிழல் உண்டு, காற்றோட்டம் உண்டு, காய்வதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைத்தேன். ஒன்பது நாளில் வெளுத்துக் காய்ந்தன. முதல் சூடு 950 டிகிரி. திறந்தபோது ஏழு தொட்டிகளில் தலைமுடி போன்ற விரிசல்கள். மிஞ்சிய ஐந்துக்குக் கிளேஸ் பூசி 1220 டிகிரிக்கு ஏற்றினேன். அதில் இரண்டு வாய் பிளந்து வந்தன.

உடனே சூளையைச் சந்தேகித்தேன். படித்தவன் செய்கிற பிழை இது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென்று விரிகிறது, ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. அந்த இடத்தை வேகமாகக் கடந்தால் பாண்டம் விரிசல் விடும் என்பது உண்மை. நான் வேகமாகக் கடந்திருப்பேன் என்று முடிவு கட்டி, வெப்பமானி, சுருள்கம்பி, கதவு இடுக்கு என்று இரண்டு வாரம் சூளையையே நோண்டிக்கொண்டிருந்தேன். சூளையில் ஒரு குறையும் இல்லை.

ஒரு மாலையில் உடைந்த ஒன்பதையும் தரையில் வரிசையாக அடுக்கினேன். படம் எடுப்பதற்காக எல்லா முத்திரைகளையும் என் பக்கம் திருப்பினேன். அப்போது விரிசல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எழுந்து மறுபக்கம் போய் நின்றேன். ஒன்பது தொட்டிகளிலும் விரிசல் முத்திரைக்கு எதிர்ச் சுவரில், சுவரும் அடித்தளமும் சேரும் கோட்டில், மூலையிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி ஓடியிருந்தது. சூளைக்குள் நான் தொட்டிகளை இடத்துக்குத் தக்கபடி பல திசைகளில் திருப்பி வைத்திருந்தேன். சூளை குற்றவாளியாக இருந்தால் விரிசலும் பல பக்கங்களில் சிதறியிருக்க வேண்டும். சூளைக்கு முன்னால் எங்கே இவை ஒரே திசையைப் பார்த்து இருந்தன? தாழ்வாரத்து அலமாரியில். புதிய முத்திரையில் விரல் பட்டு மழுங்கிவிடக் கூடாது என்று அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைப்பது என் வழக்கம். எதிர்ச் சுவர் மேற்கைப் பார்த்தது.

ஆனி ஆடியில் மேற்கு என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவம் மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றை மட்டும் இங்கே அனுப்புகிறது. தென்காசி, குற்றாலம் பக்கம் அது சாரலோடு வரும். கிழக்கே வர வர ஈரத்தை உதறிவிட்டு வறண்ட காற்றாகிவிடும். கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றுதான். நிழலில் வைத்தேனே என்று நிம்மதியாக இருந்தேன். வெயிலைவிடக் கடுமையான ஒன்று நிழலுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது.

அண்ணாச்சியின் நகம்

அண்ணாச்சியை அழைத்து வந்து காட்டினேன். உடைந்ததைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், “தம்பி, சூளையை ஏசாதீர்கள். இது சூளைக்குப் போகுமுன்பே செத்த சட்டி” என்றார். அலமாரியில் முந்தின நாள் செய்த ஒரு தொட்டி இருந்தது. அதன் மேற்குச் சுவரில் கட்டைவிரல் நகத்தை ஊன்றினார், தடம் விழவில்லை. கிழக்குச் சுவரில் ஊன்றினார். நகம் பாதி வரை இறங்கியது. அடித்தளத்தின் நடுவில் விரல் நுனியே பதிந்தது. ஒரே தொட்டி, ஒரே நாள், மூன்று வயது.

இதில் நடப்பது இதுதான். மேற்குச் சுவர் முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. ஈரமாக இருக்கும் அடித்தளம் இன்னும் முழு நீளத்தில் கிடக்கிறது. போதாக்குறைக்கு மரப்பலகையோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. இழுபறியில் ஒட்டுப் போட்ட இடம் அறுகிறது. மூலைகளுக்கு இரண்டு பக்கமும் காற்று படுவதால் அறுதல் அங்கே தொடங்குகிறது. காய்ந்து வெளுத்த மண்ணில் அந்த அறுதல் கண்ணுக்குத் தெரியாது. அண்ணாச்சி ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்து ஒட்டுக்கோட்டில் தடவினார். மற்ற இடமெல்லாம் நொடியில் உலர்ந்துவிட, விரிசல் இருந்த இடம் மட்டும் கருப்புக் கோடாக நின்றது. இப்போது எந்தத் தொட்டியும் இந்தச் சோதனை இல்லாமல் என் சூளைக்குள் போவதில்லை.

ஊகத்தோடு நிறுத்த மனமில்லை. ஆகஸ்ட் முதல் வாரம், ஆடிக்காற்று உச்சத்தில் இருந்தபோது, ஒரே அளவில் நான்கு தொட்டிகள் செய்தேன். இரண்டைப் பழைய தாழ்வாரத்தில் வைத்தேன். மற்ற இரண்டை உள்ளறையில், அடியில் செய்தித்தாள் விரித்து, மேலே ஈரக் கோணியும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் போர்த்தி வைத்தேன். காலையும் மாலையும் எடை பார்த்தேன். ஒவ்வொன்றும் தொடக்கத்தில் ஏறக்குறைய 2.9 கிலோ. முதல் நாளில் தாழ்வாரத்துத் தொட்டிகள் 300 கிராமுக்கு மேல் இழந்தன. உள்ளறைத் தொட்டிகள் 60 கிராம் அளவில்தான். மூன்றாம் நாள் இரும்பு அளவுகோலைத் தாழ்வாரத்துத் தொட்டிகளின் மேற்குச் சுவரில் வைத்தபோது இடையில் ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்கு வளைவு இருந்தது. ஐந்தாம் நாள் மண்ணெண்ணெய்ச் சோதனையில் இரண்டிலும் கருப்புக் கோடு. உள்ளறைத் தொட்டிகளில் கோடு இல்லை, ஆனால் ஒன்றின் அடித்தளத்தில் நடுவே மெல்லிய விரிசல் தோன்றியது. காற்று மட்டும் காரணமில்லை, இன்னொன்றும் உண்டு என்று அது சொன்னது.

தட்டுப்பலகை

அந்த இன்னொன்றைக் கண்டுபிடித்துத் தந்தது படிப்பு இல்லை, அண்ணாச்சியின் கை. பானையின் அடியைக் குயவர் சக்கரத்தில் முடிப்பதில்லை. அடி திறந்த நிலையில் எடுத்து, ஓரளவு காய்ந்தபின், உள்ளே வழவழப்பான கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். ஒவ்வொரு அடியிலும் மண் இறுகுகிறது. பானையின் அடி விரிசல் விடாமல் இருப்பது அந்த இறுக்கத்தால். நான் உருளையால் உருட்டிய தட்டில் மண் ஒரு திசையில் நீண்டிருந்ததே தவிர இறுகவில்லை.

ஆதிச்சநல்லூர் தாழிகளை நினைத்துக்கொண்டேன். இதே தாமிரபரணிக் கரையில், இங்கிருந்து கிழக்கே, பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் 1876இல் முதலில் தோண்டிய இடம். ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய தாழிகள் அங்கே மண்ணுக்குள் வரிசையாகக் கிடந்தன. அவற்றில் ஒரு மூலைகூடக் கிடையாது. எந்தப் பக்கமிருந்து காற்று வந்தாலும் வட்டம் அதைப் பகிர்ந்துகொள்ளும். இந்த மண்ணில் இத்தனை தலைமுறையாக வந்த கைப்பழக்கம் வட்டத்துக்கானது. மூலையுள்ள பொருளை அந்தக் கையிடம் கொண்டுபோனால், கையை மாற்றச் சொல்லக் கூடாது. மூலையைக் கைக்கு ஏற்றபடி கொண்டுவர வேண்டும்.

அண்ணாச்சி அதைத்தான் செய்தார். தட்டை உருட்டியவுடன் வெட்டவிடவில்லை. அரைமணி ஆறவிட்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பலகையால் தட்டினார். திருப்பிப் போட்டு மறுபடி தட்டினார். முதலில் சத்தம் சேற்றில் கால் வைத்தது போல மந்தமாக இருந்தது. இருபது, முப்பது தட்டுக்குப் பின் தோலில் விழுவது போலத் தெளிந்தது. “இப்போது வெட்டுங்கள்” என்றார். சுவரை ஒட்டியபின் ஒவ்வொரு மூலையின் உட்புறத்திலும் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு மண்திரியை வைத்து அழுத்தி, கூர்மையை உருட்டிவிட்டார். நான்கு மூலைகளுக்கும் வெளியே ஈரத்துணிப் பட்டை சுற்றினார். சுவர் பாதி காய்ந்து தன் கனத்தைத் தானே தாங்கும் பதம் வந்ததும் தொட்டியைக் குப்புறக் கவிழ்த்து, அடித்தளத்துக்குக் காற்று காட்டினார். பிந்திக் காய்வதை முந்திக் காயவைக்கும் வழி இது.

முதல் சூட்டோடு விரிசல் விட்ட ஏழு தொட்டிகளை இடித்துச் சலித்து, அந்தச் சுட்ட மண் தூளைப் புதிய மண்ணில் நூற்றுக்கு எட்டுப் பங்கு கலந்தேன். ஏற்கெனவே சுட்ட மண் காயும்போது மறுபடி சுருங்காது. மொத்தச் சுருக்கம் 12 பங்கிலிருந்து 10.5க்கு இறங்கியது. பச்சை அளவை 335 மி.மீ. என்று மாற்றிக்கொண்டேன்.

மழை

காற்று ஓய்ந்தது, ஐப்பசி வந்தது, இனிச் சிக்கல் இல்லை என்று எண்ணினேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லையும் தூத்துக்குடியும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவில் மழை. தாமிரபரணி கரை கடந்தது. எத்தனையோ பேர் வீடு வாசல் இழந்த நேரத்தில் என் தொட்டிகளைப் பற்றிப் பேசவே தயக்கமாக இருக்கிறது. வேலைக்கூடத்துக்குள் தண்ணீர் வரவில்லை, சுவர்கள் மட்டும் வாரக்கணக்கில் ஈரம் கசிந்தன. ஜனவரியில் மூன்று தொட்டிகளைச் சூளையில் வைத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது குளிர்ச்சியாக இருந்தது. மார்கழிக் குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மண்ணுக்குள் இருந்த நீர். நீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். ஒரு தொட்டி வெடித்தது. சில்லு பட்டுப் பக்கத்துத் தொட்டியும் போனது. அன்று முதல் அடுத்தடுத்த இரண்டு நாள் எடை ஒரு கிராம்கூட மாறாமல் நின்றால்தான் சூளை. ஏற்றியபின்னும் 90 டிகிரியில் ஆறு மணி நேரம் நிறுத்திவைக்கிறேன்.

கடைசி அடுக்கு

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பத்துத் தொட்டிகள். பதினெட்டு நாள் காயவைத்தேன். முதல் பத்து நாள் போர்வைக்குள். மண்ணெண்ணெய்ச் சோதனையில் பத்தும் தேறின. முதல் சூட்டில் பத்தும் தேறின. இரண்டாம் சூட்டில் ஒன்று மட்டும் அடித்தளம் நடுவில் தொய்ந்து வந்தது. கால்களுக்கு இடையே தாங்கல் இல்லாத நீளத்தில் மண் உச்சச் சூட்டில் இளகி இறங்கியிருக்கிறது. மற்ற ஒன்பதுக்கும் அதே மண்ணில் வெட்டிய முட்டுத்துண்டுகளை, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அலுமினாத் தூள் தூவி, நடுவில் வைத்திருந்தேன். அதே மண் என்பதால் தொட்டியோடு சேர்ந்தே சுருங்கும். அந்த ஒன்றுக்கு வைக்க மறந்துவிட்டேன்.

பழுப்புக் கிளேஸ் விஷயம் எனக்கு மனநிறைவு தந்த பகுதி. தொடக்கத்தில் உருகிப் படர்ந்து கிடந்த அந்தக் குளத்து மண்ணைத்தான் கிளேஸாக எடுத்தேன். உருகுவது அதன் குணம் என்றால், உருக வேண்டிய இடத்தில் அதை வைக்கலாமே. ஐந்து பங்கு மண்தூள், கழுவிச் சலித்த சீமைக்கருவேலச் சாம்பல் மூன்று பங்கு, போரான் கலந்த ஃபிரிட் (உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) இரண்டு பங்கு. 1220 டிகிரியில் அது சுவரில் கருப்பட்டி நிறமாகவும், விளிம்பில் மெலிந்த இடத்தில் தேன் நிறமாகவும் நின்றது. தொட்டியின் உடம்பு வெளியூர் மண், தோல் காருகுறிச்சி மண்.

முன்பு தேறிய மூன்றோடு இந்த ஒன்பதும் சேர்ந்து பன்னிரண்டு ஆயின. ஆசிரியர் ஒவ்வொன்றிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிச் சாய்க்காமல் வடியவிட்டு, உள்ளே விரலால் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டார். கல்லிச்சியைப் பங்குனியில் மாற்றி நட்டார்.

கணக்கில் சேராத பதின்மூன்றாவது தொட்டி ஒன்றும் அவர் மாடியில் இருக்கிறது. அண்ணாச்சி தன் மண்ணில், தன் சக்கரத்தில், தன் விறகுச் சூளையில் செய்த வட்டத் தொட்டி. சுவர் என்னுடையதைவிட இருமடங்கு தடிமன், உள்ளே கொடுக்காப்புளி. மே மாத வெயிலில் என் தொட்டிகளுக்கு நாளுக்கு இரண்டு முறை நீர் ஊற்றினால் அதற்கு மூன்று முறை ஊற்ற வேண்டியிருந்தது என்றார் ஆசிரியர். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தால் என்னுடையது சுடுகிறது, அண்ணாச்சியுடையது குளிர்ந்திருக்கிறது. அண்ணாச்சி தொட்டியின் விளிம்பில் வெள்ளை உப்புக்கோடு மெலிதாக ஏறத் தொடங்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை அதன் உயரத்தைப் பென்சிலால் குறித்து வருகிறோம்.